ராத்திரி மூன்று மணி நேரம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. எம்.டெக். ஆய்வுக்கு இரண்டு தலைப்புகளை அனுப்பி, எதை எடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். ஒன்று, புல்லட் ரயிலுக்கான கான்கிரீட் பலகைப் பாதை. இன்னொன்று, சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவில் மழைக்காலத்தில் ஜல்லி கெட்டுப்போவது. இரண்டாவதை நீ எழுதியிருந்த விதத்திலேயே அதில் உனக்கு மனமில்லை என்று தெரிந்தது. கைடு சொன்னாரே என்று சேர்த்திருக்கிறாய். உன் அம்மாவும் போனில், "புல்லட் ரயில்னா வெளிநாட்டுக்குப் போகலாமாம்ல அண்ணே" என்றாள். இதற்கு வாட்ஸப்பில் ஒரு வரி பதில் போதாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜல்லியை எடு.

புல்லட் ரயிலைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதே. மும்பையிலிருந்து அகமதாபாத் வரை 508 கிலோமீட்டர், மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம். மும்பை நிலையம் பி.கே.சி.யில் பூமிக்கடியில் வருகிறது. தாராவியில் நின்று பார்த்தால் மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். அந்தப் பாதையில் ஜல்லியே கிடையாது. கான்கிரீட் பலகைகளைத் தொழிற்சாலையில் வார்த்து, கீழே சிமென்டும் தாரும் கலந்த சாந்து ஊற்றி உட்கார வைத்து, அதன்மேல் தண்டவாளத்தைப் பூட்டுகிறார்கள். ஜப்பானில் பல பத்தாண்டுகள் ஓட்டிப் பார்த்துத் தேறிய முறை. அந்த வடிவமைப்பின் பெரிய கேள்விகளுக்கு அவர்களே பதில் எழுதி முடித்துவிட்டார்கள். அவர்கள் போட்ட கணக்கை நம் வெயிலுக்கும் மழைக்கும் இன்னொரு தடவை கணினியில் ஓட்டிப் பார்க்கும் வேலைதான் உனக்கு மிஞ்சும் என்பது என் எண்ணம்.

ஜப்பான்காரர்களைப் பற்றி நம்மூரில் வேகத்தை மட்டும்தான் பேசுகிறார்கள். 1964 அக்டோபர் 1-ல் முதல் ஷின்கான்சென் ஓடியது. அன்று முதல் இன்று வரை வண்டி தடம் புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட அதில் செத்ததில்லை. நள்ளிரவு 12 மணிக்கு மேல் காலை 6 மணி வரை அந்தப் பாதையில் பயணிகள் ரயில் ஓடாது. அந்த ஆறு மணி நேரமும் பராமரிப்பு ஆட்களுடையது. ஒவ்வொரு ராத்திரியும் பார்க்கிறார்கள், சரி செய்கிறார்கள். பகலில் 'டாக்டர் யெல்லோ' என்று ஜனங்கள் செல்லமாகக் கூப்பிட்ட மஞ்சள் சோதனை ரயில் ஓடிக்கொண்டே பாதையை அளந்தது. வேகம் கண்ணுக்குத் தெரிகிறது; ராத்திரி வேலை தெரிவதில்லை.

இப்போது நம் ஊருக்கு வா. கடைசி லோக்கல் போய் அடைய ஒரு மணியைத் தாண்டுகிறது. முதல் லோக்கல் நாலு மணி வாக்கில் கிளம்பியாக வேண்டும். நடுவில் மூன்று மணி நேரம். அதிலும் மேலே 25,000 வோல்ட் மின்சாரத்தை நிறுத்தி, எர்த் போட்டு, மெஷினையும் ஆட்களையும் இடத்துக்குக் கொண்டு சேர்த்து, முடிந்ததும் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துப் போக வேண்டும். ஒரே ஒரு தெர்மிட் வெல்டிங் போட்டு, ஆறவிட்டு, தேய்த்து முடிக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மிச்சக் கணக்கை நீயே போட்டுக்கொள். தினம் சுமார் 75 லட்சம் பேர் ஏறும் பாதை. ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பதற்கு 'சூப்பர் டென்ஸ் கிரஷ் லோடு' என்று ரயில்வேயில் தனிப் பெயரே உண்டு. பராமரிப்புக்காக வண்டிகளை நிறுத்தும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கைத் திட்டாத மும்பைக்காரர் கிடையாது. எனக்கோ, மெகா பிளாக்கை ரத்து செய்துவிட்டோம் என்று பெருமையாக அறிவிக்கும் வாரம்தான் வயிற்றைக் கலக்கும்.

அதனால் இந்த ஊரில் தண்டவாள ஆராய்ச்சி என்றால் அது பராமரிப்பு ஆராய்ச்சிதான். அந்த மூன்று மணி நேரத்துக்குள் அடங்காத எந்தத் தீர்வும் தீர்வல்ல, அது எந்தப் பத்திரிகையில் அச்சாகியிருந்தாலும் சரி. புதிதாகப் போடுவதற்கு எங்கும் பணம் கிடைக்கும், ரிப்பன் வெட்ட ஆளும் கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கிற பாதையை நிறுத்தாமல் காப்பாற்றுவது எப்படி என்பதற்குத்தான் மூளை வேண்டியிருக்கிறது.

ஜல்லிக்கு வருகிறேன். வெயிலில் இரும்பு நீளும், அதனால் தண்டவாளத்துக்கு நடுவே இடைவெளி விடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். இன்றைக்குப் பெரும்பாலான பாதையில் அந்த இடைவெளி இல்லை. கிலோமீட்டர் கணக்கில் பற்றவைத்து ஒரே தண்டவாளமாக்கிவிட்டோம். ரயிலின் பழைய 'தடக் தடக்' குறைந்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் இரும்பு தன் குணத்தை விடவில்லை. நீள முடியாததால் உள்ளே அழுத்தமாகத் தேக்கி வைத்துக்கொள்கிறது. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில், பூட்டியபோது இருந்த வெப்பத்தைவிட ஒரு டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 1.9 டன் அழுத்தம் சேரும். 30 டிகிரி ஏறினால் ஒரு தண்டவாளத்துக்கே 57 டன். சூத்திரம் உனக்குத் தெரியும்: குறுக்குப் பரப்பு, மீள்மை எண், விரிவு எண், வெப்ப வித்தியாசம், நான்கையும் பெருக்கிப் பார். இந்த 57 டன்னும் பக்கவாட்டில் பிதுங்கி, பாதை பாம்பாக நெளியாமல் பிடித்து வைத்திருப்பது எது? ஸ்லீப்பரின் கனம் கொஞ்சம், கிளிப்பின் பிடி கொஞ்சம், மற்றபடி ஸ்லீப்பரின் பக்கத்திலும் தலைமாட்டிலும் குவித்திருக்கும் ஜல்லி. 20 முதல் 65 மில்லிமீட்டர் வரையுள்ள, முனை மழுங்காத உடைகல். ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் பிடிக்கிறது, நடுவில் காற்றோட்டம் இருப்பதால் தண்ணீரை வடியவிடுகிறது. இரண்டு வேலையையும் ஒரே கல் செய்கிறது. கல்லுக்கு நடுவில் சேறு புகுந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடும்.

வட இந்தியச் சமவெளி அளவுக்கு மும்பையில் வெயிலுக்கும் குளிருக்கும் வித்தியாசம் கிடையாது. கடல் காப்பாற்றுகிறது. அதே கடல்தான் தண்ணீர் விஷயத்தில் கழுத்தை அறுக்கிறது. 1853 ஏப்ரல் 16-ல் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோமீட்டர் ஓடிய நாட்டின் முதல் பயணிகள் ரயில் இந்தச் சயான் சதுப்பைத் தாண்டித்தான் போனது. இன்றும் அடியில் இருப்பது கடற்களிமண். ரயில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும், ஈரக் களிமண் ஜல்லிக்குள் மேலே பம்ப் அடித்து வரும். மேலிருந்து குப்பை இறங்கும். கடல் ஓதம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாளில் பலத்த மழையும் சேர்ந்துவிட்டால், மித்தியும் நாலாக்களும் வாங்கிக்கொள்ள மறுத்துத் தண்ணீரைத் திருப்பித் தள்ளும். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை உன் அம்மா சொல்லியிருப்பாள். அது பேய்மழை, விடு. சாதாரண ஜூலையிலேயே சயான்–குர்லாவில் தண்டவாளம் முழுகி வண்டி நிற்கிறதே, அதுதான் ஆய்வுக்கான கேள்வி.

பாதையை உயர்த்திவிட்டால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். உயர்த்தினால் பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் உள்ள உயரக் கணக்கு மாறும், மேலே கம்பிக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி குறையும், குறுக்கே பாலம் இருந்தால் அதுவும் இடிக்கும். சயானில் 1912-ல் கட்டிய மேம்பாலத்தை 2024-ல் மூடி, இடித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். அதன் அவதி உன் வீட்டுத் தெரு வரைக்கும் வந்திருக்கும். பாதையில் ஒரு சாண் மாற்றினால் எத்தனை துறைக்குக் கடிதம் போக வேண்டும் என்பதற்கு அந்த இடம் நல்ல உதாரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜல்லியில் சேரும் குப்பைக்கு ஓரத்துக் குடிசை ஜனங்கள்தான் காரணம் என்று பெரிய அதிகாரிகள் முதல் பேப்பர்காரர்கள் வரை சொல்லிக் கேட்டிருப்பாய். பாதி உண்மை. குப்பை வண்டி நுழைய முடியாத சந்து எது, எந்தச் சாக்கடை சுவருக்குக் கீழே பைப்பில் முடிகிறது, எந்த மழைக்கு எது முதலில் பொங்கும் என்று வெளியூரிலிருந்து வரும் ஆய்வாளருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தாராவியில் பிறந்து வளர்ந்ததை விண்ணப்பத்தில் எழுதத் தயங்குகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். இந்தத் தலைப்பில் அது உன் முதல் தகுதி. குடியிருப்பை ஒட்டிய பாதை, சுவர் உள்ள பாதை, வடிகால் திறந்திருக்கும் பாதை என்று இடங்களைப் பிரித்து, மழைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் ஜல்லி எடுத்துச் சலித்துப் பார். எவ்வளவு சேறு, அது கீழிருந்து வந்ததா மேலிருந்து வந்ததா, அந்த இடத்தில் பாதை எவ்வளவு உட்கார்ந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பிளாக் கிடைக்கும் ராத்திரியில் முதலில் எந்த நூறு மீட்டரைத் தோண்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று செக்‌ஷன் எஞ்ஜினியருக்குச் சொல்லலாம். அவருக்கு வேண்டியது அதுதான். அவர் உன் ஆய்வேட்டைப் படிக்கமாட்டார்; ஒரு பக்கத்தில் ஒரு பட்டியல் கொடுத்தால் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.

வெளிநாட்டுக் கவலைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஜல்லி ஆராய்ச்சியில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர்களில் ஒருவர் பக்கத்து இலங்கையைச் சேர்ந்த புத்திம இந்திரரத்ன. ஆஸ்திரேலியாவில் பேராசிரியர். ஜல்லி நொறுங்குவதையும் அழுக்கடைவதையும் ஆய்வுக்கூடத்தில் பெரிய இயந்திரம் வைத்துப் பல்லாண்டு பார்த்தவர். பழைய டயர் ரப்பரைப் பாதைக்கு அடியில் போட்டு அதிர்வைக் குறைப்பது வரை போயிருக்கிறார். உன் அம்மாவிடம் சொல், ஜல்லி வழியாகவும் சிட்னிக்குப் போகலாம் என்று.

தண்டவாள இரும்பைப் பற்றியும் ஆசை இருக்கிறது என்று முன்னொரு தரம் சொன்னாய். அதையும் பராமரிப்புக் கண்ணோடு பார். மும்பையில் உப்புக் காற்று, ஈரம். தண்டவாளத்தின் அடிப்பாகம் லைனருக்குக் கீழே, பார்வை படாத இடத்தில் அரிக்கும். தலைப்பக்கம் அல்ட்ராசோனிக் கருவியைத் தள்ளிக்கொண்டு போகிறவருக்கு அந்த அடி ஓரம் சரியாக அகப்படாது. இதில் நமக்குப் பெருமை சேர்த்தவர் ஒருவர் உண்டு: ஆர். பாலசுப்பிரமணியம், கான்பூர் ஐ.ஐ.டி.யின் உலோகவியல் பேராசிரியர். டெல்லி குதுப் வளாகத்து இரும்புத் தூண் 1,600 வருஷமாக ஏன் துருப்பிடித்து அழியவில்லை என்று ஆராய்ந்து, அதிலுள்ள பாஸ்பரஸ் மேல்பரப்பில் ஒரு காப்புப் படலம் உண்டாக உதவுகிறது என்று காட்டினார். அதோடு விடாமல், அரிப்பைத் தாங்கும் தண்டவாள எஃகுக்கு என்னென்ன சேர்க்கலாம் என்று செம்பு, நிக்கல், குரோமியம் என்று வேலை செய்தார். 2009-ல் 48 வயதில் போய்விட்டார். கோயில் கோபுரத்தைப் பார்ப்பது மாதிரி எல்லோரும் அண்ணாந்து பார்த்த தூணிலிருந்து, யாரும் குனிந்து பார்க்காத தண்டவாள அடிக்கு வந்தவர். அவர் கட்டுரைகளைத் தேடிப் படி.

கருவி ஒன்றும் காட்டவில்லை என்றால் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை என்பதை இங்கிலாந்துக்காரர்கள் ஹாட்ஃபீல்டில் கற்றார்கள். 2000 அக்டோபர் 17-ல் ஓடும் ரயிலுக்கடியில் தண்டவாளம் முந்நூறுக்கு மேற்பட்ட துண்டாக நொறுங்கியது. நாலு பேர் இறந்தார்கள். சக்கரம் உரசும் மூலையில் மயிரிழை விரிசல்கள் இருந்தது முன்பே தெரியும். மேல் விரிசல்கள் ஒலியலையை மறைத்தால், உள்ளே இறங்கியிருக்கும் ஆழ விரிசல் கருவிக்கு எட்டாது. மாற்றுத் தண்டவாளத்துக்கு ஏற்பாடாகியும் மாற்றப்படவில்லை. பாதையை வைத்திருந்த ரெயில்ட்ராக் கம்பெனியே மறு வருஷம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. நம் நாட்டில் 1998 நவம்பர் 26-ல் பஞ்சாபின் கன்னாவில் உடைந்த தண்டவாளத்தால் ஒரு ரயில் தடம் புரண்டு, எதிரே வந்த ரயில் அதில் மோதி 200 பேருக்கு மேல் இறந்தார்கள். தண்ணீர் செய்ததற்கு நம் அரியலூர் போதும். 1956 நவம்பர் 23, மருதையாற்று வெள்ளம், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், 140-க்கும் மேற்பட்ட உயிர். அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை மட்டும் பாடப்புத்தகம் சொல்லும். ராத்திரி மழையில் லாந்தரோடு பாதையில் நடக்கிற பேட்ரோல்மேன் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை அது சொல்லாது.

பாதுகாப்பு என்றால் பாதை மட்டுமல்ல, பாதையைத் தாண்டும் மனிதரும்தான். அனில் ககோட்கர் தலைமையிலான ரயில் பாதுகாப்புக் குழு 2012-ல் அறிக்கை கொடுத்தது. நாட்டில் தண்டவாளம் தாண்டும்போது வருஷத்துக்குச் சுமார் 15,000 பேர் சாகிறார்கள், அதில் 6,000 பேர் மும்பை புறநகர்ப் பாதையில் என்று அது எழுதியது. ககோட்கர் யார் தெரியுமா? நீ படிக்கிற அதே மாட்டுங்கா வி.ஜே.டி.ஐ.யில் 1963-ல் மெக்கானிக்கல் முடித்தவர். பிறகு இங்கே டிராம்பேயில் அணுசக்தி மையத்துக்குத் தலைவரானவர். அந்த அறிக்கை முழுவதையும் ஒருமுறை படி. அதே காலத்தில், செம்பூரிலிருந்து மாட்டுங்கா வரும் வழியில் இருக்கும் வடாலாவில் ஒரு சின்னச் சோதனை நடந்தது. பெரிய பொருள் மெதுவாக வருவதாகக் கண் ஏமாறும். ரயில் அப்படித்தான் ஏமாற்றுகிறது. அதற்கு, ஃபைனல் மைல் என்ற நிறுவனம் மத்திய ரயில்வேயோடு சேர்ந்து சில ஸ்லீப்பர்களுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தது. மஞ்சள் கோடுகள் மறையும் வேகத்தில் ரயிலின் வேகம் புரியும். சாகப்போகிறவனின் பயந்த முகத்தைப் பெரிய படமாக வைத்தார்கள், ஹாரனை விட்டுவிட்டு இரண்டு முறை ஒலிக்கச் சொன்னார்கள். சாவு குறைந்தது. பெயின்ட் டப்பாவும் பிரஷும்தான் செலவு. இதையும் ஆராய்ச்சி என்று ஒப்புக்கொள்ளும் மனசு உனக்கு வேண்டும்.

உன் கல்லூரியைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. 2025 ஜூன் 9-ல் மும்ப்ரா வளைவில் எதிரெதிரே போன இரண்டு லோக்கல்களின் வாசலில் தொங்கியவர்கள் விழுந்து, சிலர் இறந்தார்கள். தண்டவாளத்தின் நிலையைப் பற்றி ரயில்வே போலீஸ் வி.ஜே.டி.ஐ.யிடம் தொழில்நுட்ப அறிக்கை வாங்கியது. அந்த நவம்பரில் அதை வைத்து ரயில்வே எஞ்ஜினியர்கள் மேல் வழக்குப் பதிவானது. ரயில்வே தரப்பு ஏற்கவில்லை, தொழிலாளர்கள் மறியலில் இறங்கினார்கள். யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். நீ தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: மாட்டுங்காவில் உட்கார்ந்து எழுதும் ஒரு அளவு, ஒரு மனிதனின் வேலையையும் மானத்தையும் தொடும். அதனால் எந்த அளவை எழுதினாலும் தேதி, நேரம், தண்டவாள வெப்பம், எந்தக் கருவி, கருவியைக் கடைசியாகச் சரிபார்த்தது எப்போது, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று எழுதி வை. பாதையின் மட்டம் காலையில் ஒன்று, ரயில் போன பின் ஒன்று, ஸ்லீப்பருக்கடியில் ஜல்லியை இறுக்கிப் பேக்கிங் போட்ட மறுநாள் வேறொன்று. ஒரு தரம் அளந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதாதே.

நடைமுறைக்கு வருவோம். பாதையில் தனியாகக் கால் வைக்காதே. சயான் பக்கம் பக்கத்துப் பக்கத்துப் பாதைகள்; ஒரு வண்டிக்கு ஒதுங்குகிறவர் அடுத்த வண்டியில் அடிபட்டதை ஒவ்வொரு கேங்கும் பார்த்திருக்கிறது. கூட லுக்-அவுட் ஆள் இல்லாமல் வேலையே ஆரம்பிக்கக் கூடாது. கீமேனோடு ஒருநாள் முழுக்க நட. கிளிப்பைத் தட்டும் சத்தத்தில் எது தளர்ந்தது என்று அவர் சொல்வார். உன் சென்சார் அதைப் பிடிக்கிறதா பார். அவர் மராத்தியில் பேசுவார், நீ மராத்தியிலேயே கேள். புனேயில் 1959 முதல் இருக்கும் ரயில்வே சிவில் எஞ்ஜினியரிங் பயிற்சி நிறுவனத்தின் புத்தகங்கள் எளிமையானவை, முதலில் அவற்றைப் படி. லக்னோவில் உள்ள ரயில்வே ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் விதிகள் பிறகு. ரயில் பாதுகாப்பு ஆணையரின் விபத்து அறிக்கைகள் கிடைத்தால் விடாதே. அந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ஏன் அப்படி வைத்தார்கள் என்று யோசி.

மும்பையில் மழை வழக்கமாக ஜூன் 11 வாக்கில் இறங்கும். அதற்கு முன்னால் முதல் ஜல்லி மாதிரியை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் முன்-பின் ஒப்பீடே இல்லாமல் ஒரு வருஷம் போய்விடும். கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் அனுமதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். இந்த வாரமே கைடிடம் கையெழுத்து வாங்கி, விண்ணப்பத்தை நேரில் கொண்டுபோய்க் கொடு.

இப்படிக்கு,
மாமா
செம்பூர்